தடம்புரட்டியின் கதை

2010 ஜூலை 19. டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 15-வது கட்டம். பிரனீஸ் மலைத்தொடரில் போர்ட் தெ பாலெஸ் என்ற ஏற்றம். மஞ்சள் சட்டை லக்சம்பர்க்கைச் சேர்ந்த ஆண்டி ஷ்லெக்கிடம். இரண்டாவது இடத்தில் ஸ்பெயின்காரர் ஆல்பெர்டோ கோன்டடோர். ரெண்டு பேருக்கும் நடுவே வெறும் 31 விநாடி. உச்சி நெருங்கிக்கிட்டு இருக்கும்போது ஷ்லெக் எழுந்து நின்னு மிதிச்சு எகிறினார். கோன்டடோர் உடனே பதில் சொல்ல முடியாம பின்தங்க, சரி, ஆள் இன்னைக்கே பந்தயத்தை முடிச்சிடுவார்னு எல்லாரும் நினைச்ச நேரத்துல...

செயின் கழண்டுக்கிச்சு.

நம்ம ஊர்ல ஸ்கூலுக்குப் போற பசங்களுக்கு நடக்குமே, அதே சமாச்சாரம். உலகத்தின் மிகப் பெரிய பந்தயத்துல, முதலிடத்தில் இருக்கிறவர், வண்டியை விட்டு இறங்கி, கையில கிரீஸ் பட செயினை மாட்டிக்கிட்டு இருந்தார். கோன்டடோர் தாண்டிப் போயிட்டார். அன்னைக்கு ஷ்லெக் இழந்தது 39 விநாடி. மஞ்சள் சட்டை 8 விநாடி வித்தியாசத்துல கை மாறிச்சு. பாரிஸில் பந்தயம் முடிஞ்சப்போ கோன்டடோர் ஜெயிச்ச வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? அதே 39 விநாடி! (பிறகு ஊக்கமருந்து விவகாரத்தில் 2012-ல் கோன்டடோரின் பட்டம் பறிக்கப்பட்டு ஷ்லெக்குக்குப் போனது தனிக்கதை.)

அந்தச் செயின் ஏன் கழண்டதுன்னு ஆளுக்கொரு விளக்கம் சொன்னாங்க. நமக்கு அது முக்கியமில்லை. நூறு வருஷத்துக்கு மேல எத்தனையோ மூளைகள் உட்கார்ந்து யோசிச்ச ஒரு இயந்திரத்துல இப்படி ஒரு ஓட்டை இன்னும் ஏன் இருக்கு? இதுதான் இந்தப் பதிவின் கேள்வி. பதில் சொல்ல, ரோடு பைக்கில் முன்னாடி கியர் மாத்துற அந்தச் சின்ன உலோகத் துண்டின் வரலாற்றைப் பார்க்கணும்.

முதல்ல பேர். பிரெஞ்சில் ரயில் தடம் புரள்வதற்கு என்ன வினைச்சொல்லோ, அதிலிருந்து வந்த பெயர்தான் இதுக்கும். ஆங்கிலத்துல சொல்ற மாதிரி 'டிரெயிலர்'னு எழுதினா சினிமா டிரெய்லர்னு நினைச்சு வந்துடுவீங்க. அதனால் தமிழ்ல நான் 'தடம்புரட்டி'ன்னே வச்சுக்கறேன். யோசிச்சுப் பாருங்க, பேரே தடம்புரட்டி! அது செயினைத் தடம் புரட்டாம வேற என்ன செய்யும்? வேலையே அதுதான். ஒரு தடத்திலிருந்து புரட்டி, பக்கத்துத் தடத்தில் சரியா விழ வைக்கணும். விழலேன்னா ஷ்லெக் கதை.

முன்னாடி ஏன் இவ்வளவு கஷ்டம்?

சாதாரண சைக்கிளில் பெடல் பக்கம் ஒரு செயின் வீல், பின்னாடி ஒரு ஃப்ரீவீல். ரோடு பைக்கில் முன்னாடி பெரிசு சின்னதுன்னு ரெண்டு செயின் வீல். பின்னாடி 11, 12 பல்சக்கரங்கள் அடுக்கா இருக்கும். பின்னாடி ஒரு தடம்புரட்டி, முன்னாடி ஒரு தடம்புரட்டி. ரெண்டும் செய்யறது ஒரே வேலைதான், ஆனா ரெண்டும் ஒண்ணில்லை.

பின் தடம்புரட்டி செயினின் கீழ் ஓட்டத்தில் உட்கார்ந்திருக்கு. அது தளர்ந்த பக்கம். லேசா தள்ளினாலே செயின் நகர்ந்துடும். முன் தடம்புரட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது மேல் ஓட்டத்தில் வேலை செய்யுது. நாம் மிதிக்கிற விசை முழுக்க அந்த மேல் ஓட்டம் வழியாத்தான் பின் சக்கரத்துக்குப் போகுது. கயிறு இழுக்கும் போட்டியில் ரெண்டு பக்கமும் பத்து பத்து பேர் இழுத்துப் பிடிச்சிருக்கிற கயிற்றை, நீங்க நடுவில் நின்னு விரலால் பக்கவாட்டில் தள்ளினா எப்படி இருக்கும்? அதேதான்.

இன்னொண்ணு, தாண்டுற தூரம். பின்னாடி ஒரு சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் ஒண்ணு ரெண்டு, மிஞ்சிப் போனா நாலைஞ்சு பல் வித்தியாசம். முன்னாடி இப்போ பரவலா இருக்கிற ஜோடி 50 பல், 34 பல். ஒரே தாவலில் 16 பல்! பின்னாடி படிக்கட்டு ஏறுறோம்னா, முன்னாடி மதில் சுவர் ஏறுறோம்.

இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், ஒரு மலை

பிரான்ஸில் சாந்த் எத்தியென் என்ற ஊர். அங்கே பால் தெ விவி (1853–1930) என்று ஒருத்தர். பட்டு வியாபாரத்தை விட்டுட்டு சைக்கிள் பைத்தியமா ஆனவர். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். 1887-ல் சொந்தமா ஒரு சைக்கிள் பத்திரிகை ஆரம்பிச்சு, தான் ஓட்டினது, கழட்டினது, மாட்டினது எல்லாத்தையும் அதுல எழுதித் தள்ளினார். இன்னைக்கு இருந்திருந்தா கண்டிப்பா நம்ம ஜாதி, வலைப்பதிவர்தான் :-)

அவர் கட்சி எளிமையானது. மனுஷனோட கால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுத்தும்போதுதான் நல்லா வேலை செய்யும். ரோடு ஏறும், இறங்கும். அப்போ மாற வேண்டியது கியர்தானே ஒழிய கால் இல்லை. இதுக்காக முன்னாடி ஒண்ணுக்கு ரெண்டு செயின் வீல் வச்சார். ஆரம்பத்துல தடம்புரட்டி எல்லாம் கிடையாது. இறங்கி நின்னு கையாலேயே செயினை எடுத்து மாட்டணும். ஷ்லெக் 2010-ல் வேற வழியில்லாம செய்ததை, வெலோசியோ வழக்கமாவே செய்துக்கிட்டு இருந்தார்!

எதிர்க்கட்சித் தலைவர் ஆன்ரி தெக்ராஞ். பழைய பந்தய வீரர். 1893-ல் ஒரு மணி நேரத்தில் 35 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி சாதனை வச்சவர். 'லோட்டோ' பத்திரிகையின் ஆசிரியர். 1903-ல் டூர் டி ஃபிரான்ஸை ஆரம்பிச்சது இவரேதான். கியர் என்பது வயசானவங்களுக்கும் முடியாதவங்களுக்கும், வீரனுக்கு அவன் தசை போதும் என்பது இவர் கொள்கை. 'நிஜமான ப்ரோக்ராமர் நோட்பேட்லதான் கோடு அடிப்பான்'னு சொல்ற சீனியர் ஒருத்தர் எல்லா ஆபீஸ்லயும் இருப்பாரே, அவரோட முப்பாட்டன்னு வச்சுக்கோங்க. என்ன, அந்த சீனியர் கையில் அதிகாரம் இருக்காது. தெக்ராஞ் கையில் பந்தயமே இருந்தது. அவர் நடத்தின வரைக்கும் டூரில் தடம்புரட்டி வச்சு ஓட்ட முன்னணி வீரர்களை விடலை.

இதுல ஒரு வேடிக்கை. 1903-ல் நடந்த முதல் டூரின் லியோன் - மார்ஸேய் கட்டம் ரெபுப்ளீக் கணவாய் வழியா போச்சு. உயரம் 1,161 மீட்டர். சாந்த் எத்தியென் ஊருக்கு மேலேயே இருக்கிற மலை, அதாவது வெலோசியோவும் நண்பர்களும் கியர் வண்டியில் ஏறிப் பழகின மலை. அங்கே இன்னைக்கு வெலோசியோவுக்கு நினைவுச் சின்னம் இருக்கு. ஒரே ஏற்றத்துல ஒருத்தர் கியர் போட்டு ஏறினார். இன்னொருத்தர் மத்தவங்களை கியர் இல்லாம ஏற வச்சார்.

சக்கரத்தைக் கழட்டித் திருப்பின காலம்

கியர் கிடையாதுன்னா டூர் வீரர்கள் என்னதான் பண்ணாங்க? பின் சக்கரத்தின் ரெண்டு பக்கமும் வேற வேற அளவில் பல்சக்கரம் இருக்கும். மலை அடிவாரத்துல இறங்கி, நட்டைக் கழட்டி, சக்கரத்தை எடுத்துத் திருப்பி மாட்டி, திரும்ப ஓட்டணும். உச்சிக்குப் போனதும் மறுபடி அதே கூத்து. எதிராளி சக்கரம் மாத்த இறங்குற நேரம் பார்த்து எகிறுறதுக்கு அப்போ தனி சாமர்த்தியம் வேணும்.

1927 நவம்பரில் இத்தாலியில் க்ரோசே தௌனே கணவாய். பனியில் விரல் மரத்துப் போய், பட்டாம்பூச்சி நட்டைக் கழட்ட முடியாம ஒரு வீரர் தவிச்சார். அவர் பேர் டுல்லியோ கம்பன்யோலோ. அந்த எரிச்சல்லதான் ஒரே நெம்புகோலில் சக்கரத்தைக் கழட்டுற ஏற்பாட்டைக் கண்டுபிடிச்சார்ங்கிறது கம்பெனி வழியா வழிவழியா வர்ற கதை. கதையில் எவ்வளவு உப்பு, எவ்வளவு மசாலான்னு வாதம் உண்டு. ஆனா 1933-ல் விசென்ஸாவில் கம்பெனி ஆரம்பிச்சது நிஜம். பின்னாளில் தடம்புரட்டின்னாலே கம்பன்யோலோதான்னு ஆச்சு.

1936-ல் தெக்ராஞ் உடம்பு முடியாம ஒதுங்க, ழாக் கொதே பொறுப்புக்கு வந்தார். அடுத்த வருஷமே, 1937-ல், தடம்புரட்டிக்கு அனுமதி. அந்த வருஷம் ஜெயிச்சவர் பிரான்ஸின் ரொஜே லாபெபி, தடம்புரட்டி வச்ச வண்டியில். முதல் டூர் நடந்து 34 வருஷம் ஆகியிருந்தது. வெலோசியோ அதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார். சாந்த் எத்தியெனில் டிராம் மோதி இறந்தார். அவர் பக்கம் ஜெயிச்சதை அவர் பார்க்கலை.

கால்களுக்கு நடுவே ஒரு நெம்புகோல்

1937-ல் உள்ளே வந்தது பின் தடம்புரட்டிதான். முன்னாடி ரெண்டு செயின் வீல் என்பது சுற்றுலா சைக்கிள்காரர்கள் வச்சிருந்த சமாச்சாரம். பந்தயத்தில் அது பரவினது ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச பிறகு.

அந்தக் கால முன் தடம்புரட்டியைப் பார்த்தா சிரிப்பு வரும். ஸீட்டுக்குக் கீழே இருக்கிற குழாயில் ஒரு கம்பி, அதன் ஒரு முனையில் கைப்பிடி, மறுமுனையில் செயினின் ரெண்டு பக்கமும் ரெண்டு தகடு. ஓட்டிக்கிட்டே குனிஞ்சு, சுத்திக்கிட்டு இருக்கிற ரெண்டு தொடைக்கும் நடுவே கையை விட்டு, அந்தக் கம்பியைத் தள்ளணும். பழைய சைக்கிள் சேகரிக்கிறவங்க இதுக்கு வச்சிருக்கிற செல்லப் பெயர் 'தற்கொலை நெம்புகோல்'.

ஆனா அதுல ஒரு நல்லது இருந்தது. நடுவில் கேபிள் இல்லை, ஸ்பிரிங் இல்லை. செயின் பல்லில் ஏறுதா, உரசுதா, நழுவப் போகுதான்னு கைக்கு நேராவே தெரியும்.

அப்புறம் கேபிள் வந்தது. கம்பன்யோலோ 1951-ல் விற்பனைக்குக் கொண்டு வந்த 'கிரான் ஸ்போர்ட்' பின் தடம்புரட்டி, நாலு மூலையிலும் மடங்குற இணைகர அமைப்பில் நகர்ந்தது. முன்னாடியும் காலப்போக்கில் அதே இணைகரம்தான் நிலைச்சது. நெம்புகோல் ஹேண்டில்பாரிலிருந்து கீழே இறங்குற சட்டக் குழாய்க்கு இடம் மாறிச்சு. இடது பக்க நெம்புகோல் முன்னாடிக்கு, வலது பக்கம் பின்னாடிக்கு. கேபிளை இழுத்தா பெரிய செயின் வீல், விட்டா ஸ்பிரிங் சின்னதுக்கு இழுத்துக்கும்.

இதைத் தலைகீழா யோசிச்சவங்களும் உண்டு. ஜப்பானின் சன்டூர் 1970-களில் விட்ட 'ஸ்பர்ட்' மாடலில் ஸ்பிரிங் பெரிய செயின் வீல் பக்கம் இழுக்கும். ஷிமானோவோ அதே காலத்துல ஃப்ரீவீலையே பெடல் பக்கம் கொண்டு வந்துடுச்சு. மிதிக்காம சும்மா உருண்டாலும் செயின் ஓடிக்கிட்டே இருக்கும், கியர் மாத்தலாம். ரெண்டுமே புத்திசாலித்தனம்தான். ரெண்டுமே நிலைக்கலை.

நிஜமான திருப்பம் ஜப்பானிலிருந்து வேற ரூபத்தில் வந்தது. 1984-ல் ஷிமானோ டியூரா-ஏஸ் வரிசையில், ஒரு 'க்ளிக்'குக்கு ஒரு கியர். 1990-ல் கியர் நெம்புகோலே பிரேக் பிடிக்குள்ள போயிடுச்சு. ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்காம கியர் மாத்தலாம். 1992-ல் கம்பன்யோலோவும் தன் பங்குக்கு ஒண்ணு விட்டது.

அப்படியும் 90-களில் மலை ஏறுற கட்டங்களில் பந்தானி, ஆர்ம்ஸ்ட்ராங் மாதிரி ஆட்கள் இடது பக்கத்துக்கு மட்டும் பழைய நெம்புகோலையே வச்சிருந்தாங்க. எடை குறைவு என்பது காரணம். முன்னாடி எப்பவாவதுதான் மாத்தப் போறோம், அதுக்கு பழசே போதும்.

உண்மையில் முன் தடம்புரட்டியை விட அதிகமா மாறினது செயின் வீல்தான். பழைய பெரிய செயின் வீலின் உள்பக்கம் வழவழன்னு இருக்கும். இப்போ உள்ளதைத் திருப்பிப் பாருங்க. சின்னச் சின்ன ஆணிகள், சறுக்கு மாதிரி செதுக்கின சரிவுகள். செயின் பக்கவாட்டில் வந்து மோதும்போது அந்த ஆணி அதைப் பிடிச்சு மேலே தூக்கும். அதுவும் கண்ட இடத்துல இருக்காது. ஒரு பெடல் நேர் மேலே, இன்னொண்ணு நேர் கீழே நிற்கிற தருணத்தில் கால் விசை ரொம்பக் குறைவு. அந்த நேரம் பார்த்து செயினைத் தூக்குற மாதிரி இடம் குறிச்சு வச்சிருப்பாங்க.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

இவ்வளவு வரலாறும் கடைசியில் உங்க கையில் ஒரு ஆலன் கீயும் ஸ்க்ரூடிரைவருமா வந்து நிற்கும். முன் தடம்புரட்டியை மாட்டுற ஒவ்வொரு படியும், மேலே சொன்ன ஏதாவது ஒரு பிரச்சனைக்கான பதில்தான்.

1. பிடிப்பு. வளையம் போட்டு இறுக்குறதா இருந்தா குழாயின் விட்டம் பார்க்கணும். 28.6, 31.8, 34.9 மி.மீ. என மூணு அளவு. பழைய இரும்புக் குழாய்க்கு 28.6. கார்பன் சட்டம் வந்த பிறகு குழாய் உருண்டையாவே இருக்கணும்னு இல்லை. அதனால் சட்டத்திலேயே ஒரு கொக்கி வச்சுத் தர்றாங்க.

2. உயரம். பெரிய செயின் வீலின் பல் நுனிக்கும் வெளித் தகட்டின் அடி விளிம்புக்கும் நடுவே 1 முதல் 3 மி.மீ. இடைவெளி. அதுக்கு மேல போனா தள்ளுற விசை செயினை நகர்த்தாம வளைக்க மட்டும் செய்யும். கம்மியானா தகடு பல்லில் இடிக்கும்.

3. கோணம். மேலேயிருந்து பார்த்தா வெளித் தகடு செயின் வீலுக்கு இணையா இருக்கணும். முன் தடம்புரட்டி சொன்ன பேச்சு கேட்கலேன்னா முதல்ல இந்த ரெண்டையும், அதாவது உயரத்தையும் கோணத்தையும் பாருங்க. ஸ்க்ரூவை அப்புறம் தொடலாம்.

4. 'எல்' ஸ்க்ரூ. செயினை முன்னாடி சின்னதுலயும் பின்னாடி இருக்கிறதிலேயே பெரியதுலயும் போடுங்க. கேபிள் இன்னும் மாட்டியிருக்கக் கூடாது. உள் தகட்டுக்கும் செயினுக்கும் அரை மி.மீ.க்குள் இடைவெளி. இது தளர்வா இருந்தா செயின் உள்பக்கம் விழுந்து சட்டத்தைக் கீறும்.

5. கேபிள். அதே நிலையில் தொய்வில்லாம இழுத்து இறுக்குங்க. புது கேபிள் கொஞ்ச நாளில் தளரும், அப்போ திருகி சரி பண்ணிக்கலாம்.

6. 'ஹெச்' ஸ்க்ரூ. முன்னாடி பெரிசு, பின்னாடி இருக்கிறதிலேயே சின்னது. வெளித் தகட்டுக்கும் செயினுக்கும் அதே அரை மி.மீ. இது தளர்வா இருந்தா செயின் வெளியே கிராங்க் மேல விழும்.

7. காவல். சட்டத்தில் சின்னதா ஒரு கை மாதிரி துண்டு பொருத்தி, செயின் உள்ளே விழாம தடுக்கலாம். ஸ்ராம் கம்பெனி 2012 ரெட் வரிசையில் இதை முன் தடம்புரட்டியோடவே சேர்த்துக் கொடுத்தது.

அப்படியும் ஓடும்போது உள்பக்கம் விழுந்தா பதறி இறங்காதீங்க. கியரைப் பெரிய செயின் வீலுக்கு மாத்திட்டு, ரொம்ப மெதுவா மிதிச்சுக்கிட்டே இருந்தா பெரும்பாலும் தானா ஏறிக்கும். ஆனா செங்குத்தான ஏற்றத்தில் மெதுவா மிதிக்க வேகம் மிச்சம் இருக்காது, அங்கே இறங்கித்தான் ஆகணும்.

ஒழிச்சுக் கட்டினா என்ன?

2009-ல் ஷிமானோ மின்சாரத் தடம்புரட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பொத்தானை அழுத்தினா மோட்டார் தள்ளும். பின்னாடி கியர் மாறி செயின் சாய்வு மாறும்போது, முன் தகடு உரசாத மாதிரி தானே நகர்ந்துக்கும். இத்தனை வருஷ மனித விரல் வேலையை ஒரு மோட்டார் எடுத்துக்கிச்சு.

இன்னொரு கூட்டம், 'இந்தத் தலைவலியே வேண்டாம், தூக்கிப் போடு' என்றது. முன்னாடி ஒரே செயின் வீல், பின்னாடி பெரிய அடுக்கு. 2018-ல் அக்வா ப்ளூ என்ற அயர்லாந்து தொழில்முறை அணி முழுக்க அப்படிப்பட்ட வண்டியில் ஓட்டிப் பார்த்தது. அந்த வருஷமே அணி கலைஞ்சது. 2020-ல் பெல்ஜியத்தின் க்ளாசிஃபைட் நிறுவனம் அந்த ரெண்டாவது கியரைப் பின் சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே ஒளிச்சு வச்சது.

சரி, முன் தடம்புரட்டியே இல்லேன்னா செயின் கழலாதா? 2023 மே 27. ஜிரோ தி இத்தாலியா. மோன்டே லுஸ்ஸாரி மலையில் தனிநபர் நேரப் பந்தயம். ஸ்லோவேனியாவின் ப்ரிமோஷ் ரோக்லிச் 26 விநாடி பின்தங்கி, முன்னாடி ஒரே செயின் வீல் வச்ச வண்டியில் கிளம்பினார். நடு ஏற்றத்தில் செயின் கழண்டுக்கிச்சு! இறங்கினார், மாட்டினார். ஒரு காலத்தில் அவரோடு ஸ்கீ ஜம்ப் அணியில் இருந்த பழைய நண்பர் ஒருத்தர் ரோட்டோரம் நின்னுக்கிட்டு இருந்தவர், ஓடி வந்து தள்ளி விட்டார். அப்படியும் அந்தக் கட்டத்தை 40 விநாடி வித்தியாசத்தில் ஜெயிச்சு, மொத்த பந்தயத்தையும் 14 விநாடியில் பிடிச்சார். ஷ்லெக்குக்குக் கிடைக்காதது இவருக்குக் கிடைச்சது.

அதனால் முதல்ல கேட்ட கேள்விக்கு என் பதில் இது. ஓட்டை தடம்புரட்டியில் மட்டும் இல்லை. திறந்தவெளியில் ஓடுற செயினை, முழு விசையில் மிதிச்சுக்கிட்டே குண்டும் குழியுமான ரோட்டில் கொண்டு போறோம்ல, அதுலயே இருக்கு. ஆணி, சரிவு, மோட்டார் எல்லாமே அந்த ஓட்டையைச் சின்னதாக்கின முயற்சிகள். அடைச்சவங்க யாரும் இல்லை.

தெக்ராஞ் பயந்தது இயந்திரம் வந்தா வீரனுக்கு வேலை இருக்காதுன்னு. அந்தப் பயம் பலிக்கலை. கேபிள் வச்ச முன் தடம்புரட்டி இன்னைக்கும் ஓட்டுறவரிடம் ஒண்ணு கேட்கும். மாத்துற அந்த அரைச் சுற்றுக்குக் காலை லேசா விடு, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்னு கேட்கும். மில்லிமீட்டர் கணக்கில் மாட்டி வச்சாலும் அதைக் கொடுக்காம அழுத்தினா அது முரண்டு பிடிக்கும். ஏற்றம் வந்த பிறகு மாத்தாம, வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே மாத்திடுங்க. வெலோசியோ கட்சிக்காரங்களுக்கு அது தெரியும்.

டிஸ்கி: 'தடம்புரட்டி'யை விட நல்ல தமிழ்ப் பெயர் கைவசம் இருந்தா பின்னூட்டத்துல போடுங்க. பிடிச்சிருந்தா அடுத்த பதிவிலிருந்து அதுதான்.